அடிக்காத மணி

அந்த மனிதரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. பயமும் இல்லை, மரியாதையும் இல்லை. இன்றைக்கு அவர் எந்த நாட்டில் இருந்தாலும் தன் பெயரை இணையத்தில் தேடிப் பார்க்கிற வழக்கத்தை விட்டிருக்க மாட்டார். தேடி இதைக் கண்டுபிடித்தால், திட்டித்தான் எழுதியிருக்கிறது என்று தெரிந்த பிறகும் மனம் குளிர்ந்துபோவார். அந்தச் சந்தோஷத்தை அவருக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. அவருடைய வலைப்பதிவின் பெயரையும் சொல்ல மாட்டேன். கடல், காயம், மௌனம் என்ற சொற்களில் எதையாவது இரண்டைச் சேர்த்து வைத்த பெயர் என்று நினைத்துக்கொள்ளுங்கள், போதும்.

சண்டை மறுபடி மூண்டிருந்த வருடங்கள் அவை. மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் என் சித்தப்பா ஒரு கொமினிகேசன் கடை வைத்திருந்தார். வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கக் கண்ணாடிப் பெட்டி, போட்டோக் கொப்பி மெஷின், ஒரு ஸ்கானர், இண்டர்நெட்டுக்கு இரண்டு கொம்பியூட்டர். நான்தான் கடையில் இருந்தேன். கரண்ட் இருக்கிற நேரம் லைன் இருக்காது, லைன் இருக்கிற நேரம் கரண்ட் இருக்காது. இரண்டும் இருந்தால் ஊரடங்கு போட்டுவிடுவார்கள். இத்தனைக்கும் நடுவில் அந்தக் கடைக்கு ஒரு நாளும் தவறாமல் வந்தவர் அவர் ஒருவர்தான்.

பக்கத்து அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கணக்கெழுதும் கிளாக்காக இருந்தார். நாற்பது வயதை நெருங்கியிருந்தார். வெள்ளைச் சேட், படிய வாரிய தலை, யாரையும் நோகப் பேசாத மெல்லிய குரல். கந்தோர் முடிந்ததும் நேரே கடைக்கு வருவார். வந்ததும் கதிரையில் இருக்க மாட்டார். நின்றபடியே குனிந்து தன் பக்கத்தைத் திறந்து, எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று அடியில் காட்டுகிற எண்ணைத்தான் முதலில் பார்ப்பார். நேற்றையைவிடக் கூடியிருந்தால் “தங்கச்சி, சுகமோ” என்று கேட்டுக்கொண்டே கதிரையில் இருப்பார். குறைந்திருந்தால் பிழை என்னுடையது. கடை லைன் இழுபட்டபடியால்தான் வாசகர் வரவில்லை என்று ஒரு நாள் என்னோடு சண்டைக்கே வந்துவிட்டார். வாசகர்கள் இருந்தது கனடாவிலும் பிரான்ஸிலும். அவர்கள் வீட்டு லைனுக்கும் எங்கள் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

பின்னூட்டம் என்கிற சொல்லை நான் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். ஒரு பதிவுக்குக் கீழே வாசிப்பவர் எழுதிவிட்டுப் போகும் நாலு சொல். அவருக்கு அதுதான் சோறு. அது கிடைக்க வேண்டுமானால் மற்றவர்களின் பதிவுகளுக்குப் போய் இவரும் எழுதவேண்டும். நம் கலியாண வீட்டுக்கு வந்தவர்கள் வீட்டுக் கலியாணத்துக்கு நாமும் போய்த் தலையைக் காட்டுவதைப் போன்ற ஏற்பாடு. “அருமை, தொடருங்கள்” என்று ஒரு முறை அடித்து வைத்துக்கொண்டு அதையே எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டு போவார். ஒரு தரம் யாரோ தன் தகப்பன் செத்ததை எழுதியிருந்தார். அதற்குக் கீழேயும் அருமை, தொடருங்கள். நான் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, “அண்ணை, அது செத்த வீட்டுப் பதிவு” என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கும் ஒரு பின்னூட்டம் கூடினது தானே என்றார்.

யாரும் வராத நாட்களில் அவரே வருவார். சுவரோரக் கொம்பியூட்டரில் பதிவைப் போட்டுவிட்டு எழும்பி, யன்னலோரக் கொம்பியூட்டருக்குப் போய், கனடாவிலிருந்து ஒரு சகோதரியாக மாறி, கண்கள் பனித்தன என்று எழுதுவார். பிறகு சுவரோரத்துக்குத் திரும்பி வந்து அந்தச் சகோதரிக்கு நன்றி சொல்லுவார். நான் கேலியாகச் சொல்லவில்லை, நன்றி சொல்லும்போது அவருடைய முகம் உண்மையாகவே மலர்ந்திருக்கும். யன்னலோரத்தில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த அந்தக் கனடாச் சகோதரியை நினைத்து நான் பல நாள் தனியாகச் சிரித்திருக்கிறேன். சிரிப்பு எப்போது குமட்டலானது என்று யோசித்தால், குண்டு வெடித்த அந்த நாள்தான் நினைவுக்கு வருகிறது.

பஸாருக்குக் கிட்ட எங்கேயோ வெடித்தது. கடைக் கதவை இழுத்து மூடிவிட்டு, உள்ளே நின்ற எல்லோரும் நிலத்தில் இருந்தோம். போட்டோக் கொப்பி எடுக்க வந்த ஒரு பெண் நடுங்கிக்கொண்டிருந்தாள். இவர் அவளருகே நகர்ந்துபோய், மிகவும் பரிவான குரலில், சத்தம் கேட்டவுடன் உங்களுக்கு முதலில் என்ன நினைவு வந்தது என்று கேட்டார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தேன், அதுதான் நினைவு வந்தது என்றாள் அவள். இவர் தலையை ஆட்டினார். மீன் வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார் இல்லையா, அந்த ஆட்டம். மறுநாள் பதிவில் குண்டு வெடிக்கிறது, இவர் நடுத்தெருவில் நிற்கிறார், அடுப்பில் வைத்த பால் இவருக்கு நினைவு வருகிறது. இவருடைய வீட்டில் அடுப்பே இல்லை. சாப்பாடு கடைச் சாப்பாடு.

கீழே வரிசையாகப் பாராட்டு. உங்கள் துணிச்சலுக்குத் தலைவணங்குகிறோம் என்றார்கள். யார் குண்டு வைத்தது, யார் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனது என்று அவர் ஒரு வரி எழுதியதில்லை. அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நாட்களில் நாங்கள் யாருமே சொல்லவில்லை. ஆனால் எங்களை யாரும் துணிச்சல்காரர் என்று சொல்லவும் இல்லை, சொன்னால் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டிருக்கவும் மாட்டோம்.

ஏன் இப்படி என்று ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். மழைக்காலம், கடையில் வேறு யாரும் இல்லை. அவர் கோபப்படவில்லை.

“இஞ்ச நான் ஆர் தங்கச்சி? கந்தோரில ஒரு கிளாக். ஒரு கிழமை நான் வராட்டி ஒருத்தரும் தேடாயினம். அங்க ரெண்டு நாள் எழுதாட்டி, என்ன நடந்தது, உயிரோட இருக்கிறியளோ எண்டு கேட்டு எழுதுகினம். அப்பதான் நான் இருக்கிறன் எண்டு எனக்கே தெரியுது.”

அந்தப் பேச்சில் பொய் இல்லை. மன்னார்த் தீவுக்கு வெளியே எங்களை யாராவது நினைக்கிறார்களா என்று எல்லோருமே ஏங்கிய காலம் அது. அன்றைக்கு அவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது உண்மை. இப்போது அந்த இரக்கத்தை நினைத்தாலும் வாய் கசக்கிறது.

றெஜினா அக்கா கடைக்கு வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கீரியில், மீன்பிடிக் கரையோரம் வீடு. புருஷன் சூசை அண்ணை நேவியிடம் பாஸ் எடுத்துக்கொண்டு கடல் தொழிலுக்குப் போனவர், வள்ளமும் வரவில்லை, அவரும் வரவில்லை. என்ஜின் நின்று அந்தப் பக்கம் இழுபட்டுப் போயிருப்பார், இந்தியாவில் எங்கேயாவது கரையேறிப் பிடிபட்டிருப்பார் என்று அக்கா நம்பினாள். சூசை அண்ணையின் அண்ணன் குடும்பம் இராமேஸ்வரத்துக்கு ஓடிப்போய் அங்கே அகதி முகாமில் இருந்தது. அவர் சிறை சிறையாகப் போய் விசாரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அனுப்புவதற்காக அக்கா புருஷனுடைய படத்தைக் கொண்டுவந்து என்னிடம் ஸ்கான் எடுக்கக் கொடுத்தாள். மடுத் திருவிழாவில் எடுத்த படம். சூசை அண்ணை வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கிறார்.

இவர் எழும்பி வந்து தன் கதிரையை அக்காவுக்குக் கொடுத்தார். எனக்கு எழுத்துப் பழக்கம் இருக்கிறது, வெளிநாட்டில் எத்தனையோ பேர் வாசிக்கிறார்கள், படத்தோடு போட்டால் கண்டவர்கள் சொல்லுவார்கள் என்றார். அக்காவுக்கு அவர் அந்தோனியாரே இறங்கி வந்ததுபோல இருந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். சூசை அண்ணையின் இடது கையில் என்ஜின் சுட்ட தழும்பு இருந்தது, அன்றைக்குப் போகும்போது வாசலில் நின்று திரும்பிப் பார்த்தது, இரவு நண்டு வைக்கச் சொன்னது எல்லாம். அவர் மெல்ல மெல்லக் கேட்டார். கேட்ட கேள்விகளில் வள்ளத்தின் நிறம் இல்லை, பதிவு இலக்கம் இல்லை. வாசலில் நின்று திரும்பிப் பார்த்தபோது முகம் எப்படி இருந்தது என்பதை மட்டும் இரண்டு தரம் கேட்டார்.

காணவில்லை என்று ஒரு பதிவு போட்டார். பின்னூட்டம் இரண்டு வந்தது. ஒன்று அவரே எழுதியது.

ஒரு கிழமை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தார். “காணேல்லை எண்டு போட்டா சனத்துக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியாது, தங்கச்சி. சாவெண்டா உடன வந்து சொல்லுவினம்” என்றார். மழை பெய்யவில்லை என்று சொல்லுகிறவரைப்போலச் சொன்னார். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த கிழமை கடையில் இருந்த எல்லோருக்கும் ரோல்ஸும் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்தார். ஒரு பதிவு பிய்த்துக்கொண்டு போகிறது என்றார். கனடா, லண்டன், ஜெர்மனி எல்லா இடத்திலிருந்தும் எழுதுகிறார்கள், எல்லாருடைய பதிவுகளையும் சேர்த்துக் காட்டும் திரட்டியில் முதல் பக்கத்தில் நிற்கிறது என்றார். எந்தப் பதிவு என்று நான் கேட்கவில்லை. ரோல்ஸ் நன்றாக இருந்தது.

இந்த இடத்தில் எங்கள் கரையின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். ஊரில் ஒருவர் செத்தால் வேதக் கோயிலில் துக்க மணி அடிக்கும். ஆனால் கடலில் காணாமற்போனவருக்கு யாரும் நினைத்தபடி மணி அடிக்க முடியாது. உடல் கரைக்கு வரவேண்டும். வராவிட்டால், எத்தனை மாதம் ஆனாலும், பெண்சாதி தானே நடந்து பங்குச் சுவாமியாரிடம் போய், இனி அவர் வரமாட்டார், மணியை அடியுங்கோ என்று சொல்லவேண்டும். அவள் சொல்லும்வரை மணி இல்லை, கறுப்பு இல்லை, செத்தவர் பூசை இல்லை. அவர் உயிரோடு இருக்கிறார் என்றே ஊர் பேசும். தாயோ அண்ணனோ சொன்னாலும் செல்லாது.

ரோல்ஸ் சாப்பிட்டுச் சில நாளில் கண்ணாடிப் பெட்டியில் போன் அடித்தது. இராமேஸ்வரத்திலிருந்து சூசை அண்ணையின் அண்ணன். றெஜினாவைக் கூப்பிடச் சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார். முகாமில் யாரோ இண்டர்நெட்டில் எடுத்துக்கொண்டு வந்து காட்டினார்களாம், தம்பியின் படம், சுற்றிவரக் கறுப்புக் கரை.

“மணி அடிச்சாச்சாம் எண்டு எழுதியிருக்குப் பிள்ளை. றெஜினாவே போய்ச் சொல்லிப்போட்டாளாம். அவளே விட்டிட்டாள் எண்டா, இனி நான் ஆரைத் தேடுறது?”

மணி அடிக்கேல்லை அண்ணை, அது பொய் என்று நான் கத்தினேன். லைன் அறுந்துபோயிருந்தது. அன்றைக்குப் போன லைன் பல கிழமைக்குத் தீவு முழுக்க வரவில்லை. வெளியே போகிற மதவாச்சி றோட்டும் பூட்டு.

ரோல்ஸ் வாங்கித் தந்த அந்தப் பதிவை லைன் வந்த பிறகுதான் நான் முழுதாக வாசித்தேன். நண்டு இருந்தது, தழும்பு இருந்தது, வாசலில் திரும்பிப் பார்த்த முகம் இருந்தது. கடைசியில் றெஜினா வெறுங்காலோடு கோயிலுக்கு நடந்துபோய்ச் சுவாமியாரிடம் சொல்லுகிறாள். மணி விட்டு விட்டு அடிக்கிறது. கடல் கேட்டுக்கொண்டிருக்கிறது. நன்றாகத்தான் எழுதியிருந்தார். நடந்தது என்ன என்று தெரிந்த நானே அதை இரண்டாம் தரமும் வாசித்தேன். அதற்காகவும் அவரை நான் மன்னிக்க மாட்டேன்.

லைன் வந்ததோ என்று பார்க்க, லைன் இல்லாத அந்தக் கிழமைகளிலும் அவர் தினமும் வந்தார். கரையில் போட்ட மீன்போல வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு அந்த இருண்ட கொம்பியூட்டருக்கு முன்னால் இருப்பார். நான் போன் வந்த கதையை முதலில் அக்காவிடமும் பிறகு அவரிடமும் சொன்னேன். அவர் திடுக்கிட்டார். ஆனால் அதற்குள்ளும், அகதி முகாமிலயும் வாசிக்கினமோ என்றுதான் கேட்டார்.

“ஏன் அண்ணை மணி எண்டு எழுதினனீங்கள்?”

“பதிவுக்கு ஒரு முடிவு வேணும் தானே.”

லைன் வந்ததும் மாற்றி எழுதுகிறேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். லைன் வந்தது. குவிந்து கிடந்த பின்னூட்டங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி நன்றி எழுதினார். நேரம் முடிந்துவிட்டது என்று எழும்பிப் போனார். நானும் றெஜினா அக்காவும் மாறி மாறிக் கேட்டோம். ஓம், செய்யிறன் என்றார். கேட்ட எல்லா நாளும் ஓம், செய்யிறன்.

அக்காவுக்கு இராமேஸ்வரம் கோல் கிடைத்த நாளில் நான் பெட்டிக்கு வெளியே நின்றேன். மணி அடிக்கவில்லை, நான் யாரிடமும் போகவில்லை என்று சொல்லிவிட்டு, பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டு மட்டும் நின்றாள். வெளியே வந்து கதிரையில் இருந்தாள். லைன் இல்லாத அந்தக் கிழமைகளில் ஒருவர் முகாமுக்கு வந்திருக்கிறார், இந்தியாக்காரர், சிறையிலிருந்து விடுபட்ட மீனவர். இடது கையில் சூட்டுத் தழும்பு உள்ள மன்னார்க்காரர் ஒருவர் உள்ளே இருக்கிறார், உங்களுக்குச் சொல்லச் சொன்னார் என்றிருக்கிறார். அண்ணன் அவரை உள்ளே விடவில்லை. என் தம்பிக்கு மணி அடித்தாகிவிட்டது, செத்தவன் பெயரைச் சொல்லி ஏமாற்ற வந்தாயா என்று விரட்டிவிட்டார். எந்தச் சிறை என்று கேட்கவில்லை. அந்த ஆளின் ஊரும் தெரியாது.

“அவற்ற அண்ணையிலயும் பிழை இல்லை. மணி அடிச்சா ஆர் தேடுவினம்” என்றாள் அக்கா. இவர் யன்னலோரத்தில் இருந்தார். தட்டிக்கொண்டிருந்த விரல் ஒரு கணம் நின்றது. பிறகு தட்டத் தொடங்கியது.

அண்ணன் முதலிலிருந்து தேடத் தொடங்கினார். சூசை அண்ணையைக் கண்டுபிடித்து வெளியே எடுக்க அடுத்த தவக்காலம் ஆனது. அந்த மாதங்களில்தான் அவருக்கு நெஞ்சுச் சளி பிடித்து, மருந்தில்லாமல் முற்றியிருக்கிறது. கீரிக்குத் திரும்பி வந்தவர் பாதி ஆளாக இருந்தார். நாலு சொல் பேசினால் இருமினார். வலை இழுக்க மூச்சுப் போதாது என்று வள்ள முதலாளி சம்மாட்டி அவரைக் கரை வாடியில் மீனைத் தரம்பிரித்துத் தெரிய வைத்தார்.

இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். இவர் எழும்பி ஓடிப்போய்ச் சூசை அண்ணையைக் கட்டிப் பிடித்தார். கண்ணெல்லாம் தண்ணீர். கையை விடாமலே, உள்ளே எப்படி அண்ணை இருந்தது, முதல் நாள் என்ன நினைத்தீர்கள் என்று அதே பரிவான குரலில் கேட்டார். அவர் சூசை அண்ணையைத் தொட்ட இடத்தைக் கழுவிவிடவேண்டும்போல எனக்கு இருந்தது.

றெஜினா அக்கா பதிவை இணையத்திலிருந்து எடுக்கச் சொன்னாள்.

“எடுக்கலாம் அக்கா. ஆனால் எடுத்தா அவ்வளவு பின்னூட்டமும் போயிடும். எவ்வளவு சனம் அழுதிருக்கு எண்டு பாருங்கோ. அதை அழிக்க எனக்குக் கை வராது.”

சூசை அண்ணைக்கு விளங்கவில்லை. என்ன எழுதியிருக்கிறார்கள் என்று வாசிக்கச் சொன்னார். நான் வாசித்தேன். கண்ணீர் அஞ்சலி, ஆன்மா சாந்தியடையட்டும், அந்த நண்டுக் கறியை மறக்க முடியவில்லை. அவர் கதிரை நுனியில் இருந்துகொண்டு, பூசையில் இருக்கிறவர் மாதிரி எல்லாவற்றையும் கேட்டார். கோபப்படுவார் என்று பார்த்தேன். படவில்லை.

“பாவம், முகந்தெரியாத சனம். நான் இருக்கிறன் எண்டு அவையளுக்குச் சொல்லவேணும், தங்கச்சி. அதில எழுதலாமோ?”

எழுதலாம் என்றேன். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். நான் சூசை. நான் சாகேல்லை. கீரியில வீட்டில இருக்கிறன். எனக்காக அழுத எல்லாருக்கும் நன்றி.

அனுப்பும் பொத்தானை அவரையே அழுத்தச் சொன்னேன். அழுத்தினார். உங்கள் பின்னூட்டம் பதிவரின் ஒப்புதலுக்குப் பின் வெளியாகும் என்று வந்தது. அதை வாசித்துக் காட்டினேன்.

“ஆர் பதிவர்?”

பக்கத்துக் கதிரையைக் காட்டினேன். கை நீட்டினால் தொடலாம். அவர் தன் திரையைப் பார்த்தபடி, ஓம் அண்ணை, நேரம் கிடைக்கேக்க ஆறுதலாகப் பாத்து விடுறன் என்றார்.

அவர் அதை வெளியே விடவில்லை. சண்டை முடிவதற்கு முன்பே வெளிநாடு போய்விட்டார். அங்கே அவரைக் கூட்டம் போட்டு வரவேற்றார்கள் என்று கேள்வி. கடையைச் சித்தப்பா மூடிவிட்டார். வலைப்பதிவில் இப்போது யாரும் எழுதுவதில்லை, ஆனால் அது அப்படியே இருக்கிறது. மீன் வாங்கக் கீரிப்பக்கம் போகும்போதெல்லாம் சூசை அண்ணை இருமலை அடக்கிக்கொண்டு, “தங்கச்சி, விட்டிட்டாரோ?” என்று கேட்பார். இன்னும் இல்லை அண்ணை என்பேன். அவருக்கு வேலை கூடிப்போயிருக்கும் என்பார்.

போன மாரியில் அந்த நெஞ்சுச் சளி அவரைக் கொண்டுபோய்விட்டது. றெஜினா அக்கா தானே நடந்துபோய்ச் சுவாமியாரிடம் சொன்னாள். மணி அடித்தது. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் கைபேசியில் அந்தப் பதிவைத் திறந்து பார்த்தேன். எல்லாம் அந்த மனிதர் எழுதியபடியே நடந்திருந்தது. கீழே அஞ்சலிகள் அப்படியே இருந்தன. சூசை அண்ணையின் நாலு வரி மட்டும் இன்னும் வெளியாகவில்லை. இனி அவர் அதை விட்டாலும் அது பொய்யாகத்தான் இருக்கும்.